பதினாலாவது வெர்ஷனும் ஆயுத பூஜையும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் திரையைப் பார்த்தாலும் புதிய வெர்ஷன் வந்திருக்கிறதா என்று கேட்கும் பட்டனைத் தேடிப் பிடித்து அழுத்திவிடுவேன். என் போன், வீட்டு டிவி, நாத்தனார் மகளின் டேப், எதுவும் தப்பியதில்லை. ஒருமுறை பல் டாக்டரிடம் போனபோது, அங்கே டோக்கன் போடும் கம்ப்யூட்டரை அப்டேட்டில் போட்டுவிட்டு உள்ளே போய் வாயைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். வெளியே வந்தால் பன்னிரண்டு பேர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். எனக்கு விரல்.

"இருக்கறது நல்லாத்தானடி ஓடிக்கினு இருக்குது, அத ஏன் நோண்டற?" என்பார் என் வீட்டுக்காரர். நல்லா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால்தான் எனக்குப் பொறுக்காது. இதைவிட நல்லதாக ஒன்று எங்கேயோ தயாராகிவிட்டது, நமக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்று உள்ளே ஒரு அரிப்பு.

ஒரகடத்தில் கார் கதவு ஓரங்களில் வருகிற ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கான்ட்ராக்ட் ஆள்தான். சிஸ்டம் அசிஸ்டென்ட் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மவுஸ் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மொத்தம் பதிமூன்று லைன். ஒவ்வொரு லைன் முடிவிலும் ஒரு கம்ப்யூட்டர். பட்டையில் கிழிசல், குமிழ், அளவுக் குறைவு என்று ஏதாவது இருந்தால் ஆபரேட்டர் அதைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் தன் நம்பரைத் தட்டி, என்ன குறை என்று அழுத்த வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலை. அதற்கான பக்கத்தை எழுதிய இன்ஜினியர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். உள்ளே நுழைய வழி வைத்தவர் வெளியே வர வழி வைக்க மறந்துவிட்டார். அதாவது, நம்பரைத் தட்டி உள்ளே போகலாம்; வெளியேற பட்டனே கிடையாது.

கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழசு. நான் சேர்ந்த முதல் வருஷமே பெரிய கம்பெனிகளின் பிரவுசர்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. 'இந்தக் கம்ப்யூட்டருக்கு இனி ஆதரவு கிடையாது' என்று மஞ்சள் பட்டை வரும். புதுக் கம்ப்யூட்டர் கேட்டால் அடுத்த வருஷம் என்பார்கள். அடுத்த வருஷம் கேட்டால் அதற்கடுத்த வருஷம் என்பார்கள். அப்போதுதான் தேடித் தேடி அந்தச் சின்ன பிரவுசரைக் கண்டுபிடித்தேன். பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. எங்கெங்கோ இருக்கிற நாலைந்து பேர், சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் செய்வது. மற்றவர்கள் கைகழுவிய பழைய கம்ப்யூட்டர்களை இவர்கள் ஏன் சுமக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பதிமூன்று கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டேன். வெளியேற வழியில்லாத குறைக்கும் அதிலேயே மருந்து கிடைத்தது. யாரோ எழுதி வைத்திருந்த ஒரு குட்டி ஆட்-ஆன், பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற துணை நிரல். குறிப்பிட்ட மணி அடித்ததும் உள்ளே இருப்பவரை வெளியே தள்ளிவிட்டு மறுபடி நம்பர் கேட்கும். மூன்று ஷிப்ட் நேரத்தையும் அதில் வைத்தேன். அப்போதிருந்த மேனேஜர், "ஓடுதுல்ல? விடு" என்று வாயால் சொன்னார். எங்கள் கம்பெனியில் ஒரு ஸ்குரூவை மாற்றினாலும் மாற்றத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை.

குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அந்த பிரவுசரின் மாற்றக் குறிப்புகளைத்தான் படிப்பேன். பக்கத்து சீட்டுக்காரிகள் சீரியல் பார்ப்பார்கள், தூங்குவார்கள். நான் மட்டும் 'பதினோராவது வெர்ஷனில் என்ன மாறியிருக்கிறது' என்று படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். சிரிப்பதற்கு அதில் நிறைய இருக்கும். 'இந்த வசதியை எடுத்துவிட்டோம். பராமரிக்க ஆள் இல்லை. மன்னிக்கவும்' என்று எழுதியிருப்பார்கள். எந்தப் பெரிய கம்பெனி இப்படி மன்னிப்புக் கேட்கும்? பதினோராவது வெர்ஷன் வரும்வரை, குறை பதியும் எங்கள் பக்கத்தில் தமிழ் எழுத்துகள் பிய்ந்து பிய்ந்து, நடுவே புள்ளி வட்டத்தோடு தெரியும். பதினொன்றில் ஒரே வரி: 'சில இந்திய எழுத்துகள் சரிசெய்யப்பட்டன.' மறுநாள் லைனில் 'குமிழ்' ஒழுங்காகத் தெரிந்தபோது ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். பன்னிரண்டில் மெனுவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். மூன்று நாள் பதிமூன்று லைனும் என்னைத் திட்டியது. பதிமூன்றில் ஒன்றுமே இல்லை, ஐகான் நிறம் மட்டும் நீலத்திலிருந்து பச்சை. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஏழாம் லைனில் வேலை பார்த்த பெண்ணைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். சேரப்பணஞ்சேரிக்காரி. பட்டையின் இரண்டு முனைகளைச் சேர்த்து, பிசிறு வெட்டி, விரலால் தடவிப் பார்த்தே குறையைச் சொல்லிவிடுவாள். வெளியே அமைதி, வாயைத் திறந்தால் கிண்டல். இந்த ஏரியாவில் அவளுக்கு இது நாலாவது கம்பெனி. மற்ற மூன்றிலும் டிரெய்னி காலம் முடிந்ததும் ஒரு சர்டிபிகேட்டும் ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கே யாரைக் கேட்டாலும் இந்தக் கதைதான். காலம் முடிந்தால் கேட்டுக்கு வெளியே, அடுத்த கம்பெனி கேட்டில் வரிசை. ஆனால் வரிசையில் நிற்கவும் வயது வேண்டும்.

"இன்னும் மூணு மாசத்துல எனுக்கு இருவத்தேழுக்கா. அதுக்கப்பறம் எந்த கேட்லயும் டிரெய்னிக்கு எட்த்துக்க மாட்டான். இங்க பர்மனென்ட் பண்ணாத்தான் உண்டு. இல்லன்னா வூடுதான்" என்று ஒருநாள் டீ பிரேக்கில் சொன்னாள். வீடு என்றால் என்ன என்று அவள் விளக்கவில்லை. அவள் அண்ணன் குடும்பம் இருக்கிற வீடு அது என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் ரூமுக்கு ஒரே ஒரு பர்மனென்ட் இடம் காலியாக இருந்தது. டிரெய்னிகளில் யார் நம்பரில் பதிவான ரிஜெக்ட் குறைவோ அவர்களுக்கு. ஏழாம் லைன்காரிக்கு அடுத்து நின்றவள் வெகு தூரத்தில் இருந்தாள். இடம் அவளுக்குத்தான் என்று லைன் முழுக்கத் தெரியும்.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன். பதினாலாவது வெர்ஷன் வரப்போகிறது என்று செப்டம்பரிலேயே குறிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் முழுக்கப் படித்தேன். வேகம் கூடும் என்று போட்டிருந்தது. நடுவில் ஒரு வரி: 'பழைய வகை ஆட்-ஆன்கள் இனி இயங்காது, தானாக நிறுத்தி வைக்கப்படும்.' படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லவே மாட்டேன். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்கே பதிமூன்று கம்ப்யூட்டரிலும், 'தானாக இறக்கிக்கொள், அடுத்த முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது மாற்றிக்கொள்' என்று வைத்தேன். வெர்ஷன் வெளியானதும் ஓடி ஓடிப் போட வேண்டாமே என்ற எண்ணம். அந்தக் கம்ப்யூட்டர்களை யாரும் அணைப்பதே இல்லை என்பதை மறந்துவிட்டேன். மூன்று ஷிப்டும் ஓடுகிற லைன். புது வெர்ஷன் இறங்கி உள்ளேயே உட்கார்ந்திருந்தது. நானும் அதை மறந்தேன்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் எல்லாம் அணையும். ஆயுத பூஜை.

அன்றைக்கு மதியத்தோடு லைன் நிற்கும். மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து, கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜை வைத்த பொருளை மறுநாள் தொடக்கூடாது. கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். அவற்றுக்குப் பூஜை என் பொறுப்பு. பதிமூன்றையும் நானே அணைத்தேன். நானே துடைத்தேன். பொட்டு வைப்பதில் ஒரு சங்கடம். திரையைச் சுற்றியுள்ள சட்டம் விரல் அகலம்கூட இல்லை, சந்தனம் நிற்காமல் வழிகிறது. கண்ணாடியில்தான் வைத்தாக வேண்டும். இடது மூலையில் லைன் நம்பர் வரும், அது தெரிய வேண்டும். நடுவில் பட்டன்கள். வலது மேல் மூலையில் உள்ளே நுழைந்தவரின் பெயர் மட்டும்தான் வரும். அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த இடத்தில் தாராளமாக வைத்தேன்.

அந்தப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அது காய்ந்து, தானாக உதிர வேண்டும். எங்கள் கம்பெனியில் பொங்கல் வரைக்கும் ஆயுத பூஜைப் பொட்டோடு ஓடுகிற மிஷின்கள் உண்டு.

விடுமுறை முடிந்து முதல் ஷிப்டில் எல்லாவற்றையும் போட்டபோது, பதிமூன்று திரையிலும் பதினாலாவது வெர்ஷன் வந்து நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. லைன் லைனாக ஓடிப் போய்ப் பார்த்தேன். பட்டன்கள் உருண்டையாகியிருந்தன, பக்கம் சட்டென்று திறந்தது. முதல் ஆளாக வந்தவர்கள் நம்பரைத் தட்டி உள்ளே போனார்கள். ஏழாம் லைனில் முதலில் தட்டியவள் அவள். ஆட்-ஆன் சத்தமே இல்லாமல் நின்று போயிருந்தது. அன்றைக்கு உள்ளே போன அவள் வெளியே வரவே இல்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இரண்டாம் ஷிப்ட் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். "யக்கா, இப்பல்லாம் நம்பரே கேக்கறதில்ல. நேரா அமுக்கினா போவுது. சோக்கா கீது!" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "புது வெர்ஷன்டி" என்று சொல்லிவிட்டு, புகழ்ச்சியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனேன். புத்தி உள்ளவளாக இருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

பூஜை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை டீ பிரேக்கில் ஏழாம் லைன்காரி என் மேஜைக்கு வந்தாள். எப்போதும் வருகிறபோதே ஏதாவது கிண்டல் செய்துகொண்டு வருவாள். அன்றைக்கு இல்லை.

"அக்கா, சூப்ரவைசர் சார் கூப்ட்டு கேட்டாரு. என் பேர்ல ரிஜெக்ட் மூணு மடங்கு ஏறிக்கீதாம். இன்னாம்மா, மனசு வேலையில இல்லியான்றாரு. நான் அப்டிலாம் பண்லக்கா. நீ கொஞ்சம் உள்ள பாத்து சொல்றியா? வியாழக்கெழம சாய்ந்தரம் பர்மனென்ட் லிஸ்ட் ஹெட் ஆபீஸ் போவுதாம்."

பார்க்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுப் பதிவுகளைத் திறந்தேன். எண்ணிக்கை இருக்கிற பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நேரம் இருக்கிற பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். காலை ஏழு மணிக்கு அவள் நம்பர். மாலை ஐந்துக்கும் அவள் நம்பர். விடியற்காலை மூன்றுக்கும் அவள் நம்பர். இரண்டு வாரமாக அவள் வீட்டுக்கே போகாமல் ஏழாம் லைனில் நின்று ரிஜெக்ட் போட்டிருக்கிறாள் என்றது கம்ப்யூட்டர். ஏழாம் லைனுக்குப் போய், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, திரையின் வலது மூலையில் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் அவள் பெயர். அப்போது அந்த லைனில் நின்றுகொண்டிருந்தது வேறு யாரோ.

மற்ற பன்னிரண்டு லைனிலும் இதே கூத்துதான். ஆனால் அங்கே முதலில் நுழைந்தவர்கள் எல்லாம் பர்மனென்ட் ஆட்கள். அவர்கள் எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் கேட்க நாதி இல்லை. மாட்டியது இவள் ஒருத்திதான்.

அந்த நிமிஷமே எழுந்து போய்ச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நான் போகவில்லை. யார் சொல்லி இந்த பிரவுசரைப் போட்டாய், தாள் எங்கே, கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள். வாயால் சரி சொன்ன மேனேஜர் இப்போது இல்லை. என் கான்ட்ராக்ட் டிசம்பரில் புதுப்பிக்கிற நேரம். வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாக வேலை சரியில்லை. இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக மண்டைக்குள் ஓடியது. கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். முதலில் பதிமூன்று கம்ப்யூட்டரையும் பழைய வெர்ஷனுக்குத் திருப்பிவிடுவது. ஆட்-ஆன் மறுபடி ஓடட்டும். எல்லாம் சரியான பிறகு போய், ஒரு கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்று சொல்வது. கெடுத்தவளாக நிற்பதைவிடச் சரிசெய்தவளாக நிற்கலாம் அல்லவா? வியாழன் மாலைக்குள் நேரம் நிறைய இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லைன் ஓடும்போது கம்ப்யூட்டரை எடுக்க முடியாது. டீ பிரேக் பத்து நிமிஷம், சாப்பாடு அரை மணி. அந்த இடைவெளிகளில் ஓடினேன். புதன்கிழமை ஆறு முடிந்தது. ஒவ்வொன்றிலும் பதினாலைக் கழற்றிப் பதிமூன்றை ஏற்றும்போது பச்சை ஐகான் திரும்ப வந்து உட்காரும். முன்பு அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டவள்தான், அன்றைக்கு அதைக் கண்டால் ஒரு நிம்மதி. சாப்பாட்டு நேரத்தில் அவள் கேன்டீனில் என்னைத் தேடி வந்தாள். "பாத்தியாக்கா?" என்றாள். "பாத்துக்கினே இருக்கேன்" என்றேன். நம்பிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பதினொன்று முடிந்திருந்தது. பாக்கி இரண்டு. இப்போதே போய்ச் சொல்லிவிடலாமா என்று படியேறிப் பாதி வரை போனேன். இரண்டு கம்ப்யூட்டர் பாக்கி இருக்கும்போது போனால் ஆள் விட்டுப் பார்ப்பார்கள், பதினாலு இன்னும் இருப்பது தெரிந்துவிடும் என்று இறங்கிவிட்டேன். நாலு மணி டீ பிரேக்கில் ஒன்று. கடைசியாக ஏழாம் லைன். அது முடிந்தபோது பஸ்காரன் ஹாரன் அடித்தான். நாளைக் காலையில் முதல் வேலை இதுதான் என்று பஸ் ஏறினேன். லிஸ்ட் மாலையில் போகும் என்றால் எங்கே மாலையில் போகிறது, எங்கள் ஆபீஸில் எது சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கிறது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஒரு தடவை சொன்ன நேரத்துக்கு நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். நேரப் பதிவுகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, நேத்தே சொல்லக் கூடாதா? லிஸ்ட் நேத்து சாயங்காலமே போயிட்டுல்லா. வாங்க, ஹெச்.ஆர். மேடத்த பாப்போம். நான் சொல்லுதேன்."

சொன்னார். சண்டையே போட்டார். மேடம் ஹெட் ஆபீஸுக்குப் போன் செய்தார்கள். அனுப்பின லிஸ்ட்டின்படி, அவளுக்கு அடுத்து நின்றவளுக்கு ஏற்கெனவே ஆர்டர் அடித்தாகிவிட்டது, ஒருவருக்குக் கொடுத்ததைப் பிடுங்க முடியாது என்று பதில் வந்தது. அடுத்த முறை இடம் காலியானால் பார்க்கலாமாம். அடுத்த முறை வரும்போது அவளுக்கு வயது தாண்டியிருக்கும் என்றேன். மேடம் கையை விரித்தார்கள். அவர்கள் முகத்திலும் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"என்ன அனுப்பிடுங்க மேடம். நான்தான் பண்ணேன்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் யாராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டவில்லை. பத்து நாளில் கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். இரண்டு வாரம் ரிஜெக்ட் எல்லாம் தப்பான பெயரில் ஏறியது வெளியே தெரிந்தால் கம்பெனி மானம் போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை நடந்தது. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத வெளிய சொல்லப்படாதும்மா. பதிவுல ஒரு குறை இருந்துச்சு, நீங்க கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டீங்க, அவ்வளவுதான். அப்படித்தான் எழுதச் சொல்லுதாக" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

எழுதினார்கள். இரண்டு வருஷமாக நான் வாங்காத கையெழுத்துகள் அத்தனையும் ஒரே நாளில் விழுந்தன. பிரவுசருக்குத் தாள், பழைய வெர்ஷனுக்குத் தாள், ஆட்-ஆனுக்குத் தாள். கேமராக்காரர் ஒருவர் வந்து, தொப்பி போட்டு என்னை ஏழாம் லைன் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். கொஞ்சம் சிரிங்க மேடம் என்றார். எதற்குப் படம் என்று எனக்கு அப்போது தெரியாது. வாய் தானாகச் சிரித்துவிட்டது.

அவளிடம் நானே சொன்னேன். வேறு யார் வாய் வழியாகவும் அது போகக் கூடாது என்று தோன்றியது. அன்று ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே, ஜூஸ் கடைப் பக்கத்தில் நிறுத்தி, பொட்டு வைத்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரோட்டில் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு நீள டிரெய்லர் போனது. அது கடந்து போனதும் கேட்டாள்.

"செவ்வாக்கெழம சொல்லியிருந்தா ஆயிருக்குமாக்கா?"

"ஆயிருக்கும்."

"பதிமூணு கம்ப்யூட்டரையும் பழைய வெர்ஷனுக்கு மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"எனுக்கும் ஒரு வயச கொறச்சி மாத்தி குடேன்" என்றாள். எப்போதும் போலக் கிண்டலாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படப்பை பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

மன்னித்துவிடு என்று சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். சொல்லி என்ன ஆகிவிடப் போகிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிகூட, கெட்டது தன்னோடு போகட்டும் என்று இருந்திருப்பான். நான் ஊதியதற்கு இன்னொருத்தி வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு என் விரல் எந்தப் பட்டனையும் தேடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய். இன்றைக்கும் தேடுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் பதினைந்தாவது வெர்ஷன் குறிப்பு வந்துவிட்டதா என்று பார்க்கிறேன். வந்தால் படிக்கிறேன். ஒரே வித்தியாசம், நடுவில் எடுத்துவிட்டோம், நிறுத்திவிட்டோம், மன்னிக்கவும் என்று வருகிற வரிகளில் இப்போது சிரிப்பு வருவதில்லை. யாருக்கோ எங்கேயோ அந்த ஒரு வரியால் என்ன ஆகுமோ என்று கண் அங்கேயே நின்றுவிடுகிறது. டிசம்பரில் என் கான்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள், போன தடவையைவிட நீளமான காலத்துக்கு.

அவளுடைய கடைசி நாள் அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே வந்துவிட்டது. அந்த பேட்சில் ஏழு பேர். கேன்டீனில் கேசரி கொடுத்தார்கள், சர்டிபிகேட் கொடுத்தார்கள், டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். முடிந்ததும் அடையாள அட்டையை ஒப்படைக்க வரிசையாகக் கேட்டுக்கு நடந்தார்கள். கேட்டுக்குப் போகிற வழியில்தான் கைசன் போர்டு இருக்கிறது. வேலையில் எதையாவது திருத்தி நல்லதாக்கியவர்களின் படத்தை மாதாமாதம் ஒட்டுகிற பலகை. அன்று காலையில்தான் புதுப் படம் ஒட்டியிருந்தார்கள். 'பதிவுக் குறையைக் கண்டறிந்து சரிசெய்தவர்.' தொப்பி போட்டு, ஏழாம் லைன் கம்ப்யூட்டர் பக்கத்தில், எல்லாப் பல்லும் தெரிய நான்.

கிழித்துவிடலாம் என்று ஓடி வந்தேன். அதற்குள் வரிசை அங்கே வந்துவிட்டது. அவள் நின்றாள். படத்தைப் பார்த்தாள், கீழே எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் தேடினேன். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"போட்டோ நல்லா வந்துகீதுக்கா" என்று சொல்லிவிட்டு, கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டே நடந்தாள்.